ஆலைக்கு முன்னால் தண்ணீர்: காலனிய அமெரிக்கப் போர் விளையாட்டு மேசைக்கு நீராலையும் காற்றாலையும் கட்டும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, 1777 அக்டோபர் கடைசியில் ஜார்ஜ் வாஷிங்டன் தம் தளபதிகளில் ஒருவரான ஜேம்ஸ் பாட்டருக்கு ஓர் ஆணை அனுப்பினார். பிலடெல்பியா அப்போது பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தது. செஸ்டர், வில்மிங்டன் பக்கத்து மாவு ஆலைகள் எதிரிக்குப் பயன்படாமல் செய்ய வேண்டும் என்பது ஆணை. எரிக்கச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆலையிலும் சுழலும் மேல்கல்லைக் கழற்றி, எந்தக் கல் எந்த ஆலையுடையது என்று பின்னால் தெரியும்படி தாரும் கொழுப்பும் பூசி அடையாளமிட்டு, தொலைவில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

இதைப் படித்த அன்று என் விளையாட்டு மேசையில் இருந்த மாதிரி ஆலையைத் திரும்பிப் பார்த்தேன். அழகான வீடு, பக்கச்சுவரில் ஒட்டிய சக்கரம், கீழே நீல வண்ணம் பூசிய ஓடை. சக்கரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இல்லை. உள்ளே கல்லும் இல்லை. வாஷிங்டனின் ஆட்கள் வந்திருந்தால் கழற்றிப் போக எதுவும் இல்லாத ஆலை அது.

நீராலை என்பது நெடுந்தூரம் வரும் ஒரு தண்ணீர்ப் பாதையின் கடைசிக் கண்ணி. காற்றாலை, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காட்டும் கட்டடம். மேசையில் கட்டும்போதும் அந்த வரிசையில்தான் போக வேண்டும். 28 மி.மீ. உயரச் சிற்றுருவ வீரர்களை, அதாவது ஏறக்குறைய 1/56 அளவை, மனத்தில் வைத்து எழுதுகிறேன். 15 மி.மீ. வீரர்கள் வைத்திருப்பவர்கள் என் அளவுகளைப் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: உங்கள் மேசை எந்த ஊர்?

காலனிய அமெரிக்காவில் காற்றாலையா நீராலையா என்பதை நிலம்தான் முடிவு செய்தது. அப்பலாச்சிய மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் ஆறுகள் கடலோரச் சமவெளியைத் தொடும் இடம்வரை சரிவும் பாறையுமாக ஓடும். அங்கே நீராலைதான். கேப் காட், நான்டக்கெட் தீவு, ரோட் ஐலண்ட், லாங் ஐலண்டின் கிழக்கு முனை, வர்ஜீனியாவின் தாழ்ந்த கரையோரம் ஆகியவை தட்டையான நிலங்கள். ஓடை இருந்தாலும் விழாது. ஆனால் கடற்காற்று ஓயாது. அங்கே காற்றாலை.

வட அமெரிக்க ஆங்கிலேயக் குடியேற்றங்களில் முதல் காற்றாலை 1621-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றங்கரையில், ஜார்ஜ் யார்ட்லியின் பிளவர்டியூ ஹண்ட்ரட் பண்ணையில் எழுந்தது. மாசசூசெட்ஸில் ஒரு வேடிக்கை நடந்தது. பின்னால் கேம்பிரிட்ஜ் என்று பெயர் மாறிய நியூடவுனில் கட்டிய காற்றாலை மேற்குக் காற்று வீசினால் மட்டுமே அரைத்தது. 1632-இல் அதைப் பிரித்துத் தூக்கி பாஸ்டனுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். மர ஆலை கிட்டத்தட்ட ஒரு பெரிய இயந்திரச் சாமான். பிரிக்கலாம், மாட்டுவண்டியில் ஏற்றலாம். பிரித்துப்போட்ட ஆலையின் உத்தரங்கள் ஏற்றிய வண்டியை மேசையில் வைத்தால், அந்த ஒரு வண்டியே ஒரு கதை சொல்லும்.

போர்க்களத்தை வைத்தும் தேர்வு செய்யலாம். வட கரோலினாவின் ராம்சர் ஆலைச் சண்டை 1780 ஜூன் 20-இல் நடந்தது. ஏறக்குறைய 400 புரட்சிப் படையினர், 1,300 அரச விசுவாசிகளை மூடுபனிக்குள் தாக்கினார்கள். இரு பக்கமும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், ஒருவரிடமும் சீருடை இல்லை. ஒரு தரப்பு தொப்பியில் வெள்ளைத் தாளையும் மறு தரப்பு பச்சைத் தழையையும் செருகிக்கொண்டது. வீரர்களுக்கு வண்ணம் தீட்டச் சலிப்பவர்களுக்கு இதைவிட வசதியான போர் கிடைக்காது. அதே ஆண்டு ஆகஸ்டில் தென் கரோலினாவின் ஈனோரி ஆற்றில் மஸ்குரோவ் ஆலை. 1781-இல் வட கரோலினாவில் வெட்செல் ஆலை, லிண்ட்லி ஆலை. இவை எல்லாம் நீராலைகள். தெற்கின் உள்நாட்டுச் சண்டைகள் ஆலைகளின் பெயரைத் தாங்கியது தற்செயல் இல்லை. ஆலைக்குப் போகத்தான் பாதைகள் இருந்தன, ஆலை அருகில்தான் ஆற்றைக் கடக்கும் துறையும் இருந்தது, படைக்கு வேண்டிய மாவும் அங்கேதான் இருந்தது.

காற்றாலை வேண்டுமென்றால் வடக்கே போங்கள். 1760 ஏப்ரல் 28-இல் கியூபெக் நகருக்கு வெளியே நடந்த சேன்ட் ஃபுவா போரில் டியூமான் ஆலைக்காகப் கிரனேடியர்கள் எனப்பட்ட பிரெஞ்சுத் தேர்ந்த வீரர்களும் பிரிட்டிஷ் படையின் ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்களும் மாறி மாறி மோதினார்கள். கரோலினாக் காட்டில் மட்டும் காற்றாலை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: தவறான படங்களைத் தூக்கி எறியுங்கள்

ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். உண்மையான காலனிய ஆலைப் படம் கிடைக்காதவர்கள் நாட்காட்டிப் படங்களை வைத்துக் கட்டுகிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் கிளேட் கிரீக் ஆலை பாறைமேல் அருவியோடு நிற்கும் அழகில் குறையில்லை, ஆனால் அது 1976-இல் பழைய ஆலைகளின் பாகங்களை எடுத்துக் கட்டியது. மாசசூசெட்ஸின் சட்பரியில் உள்ள வேசைட் இன் கல் ஆலை 1929-இல் ஹென்றி போர்டு கட்டுவித்தது. வர்ஜீனியாவின் மேப்ரி ஆலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. படம் தேடினால் முதலில் வந்து நிற்பவை இந்த மூன்றும்தான்.

அவற்றோடு நான்கு பொருள்களையும் மேசையிலிருந்து விலக்கிவிடுங்கள். இரும்புத் தகட்டுச் சக்கரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. வட்ட ரம்பமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. பல இதழ்களோடு மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர் இறைக்கும் உலோகக் காற்றாடி, 1854-இல் டேனியல் ஹாலடே கண்டுபிடித்த வகையின் வழித்தோன்றல். கௌபாய் படங்களின் மாட்டுக்காரர்களுக்கு அது சரி, பிரிட்டிஷ் சிவப்புச் சட்டைக்காரர்களுக்குச் சரியில்லை. நான்காவது, ஆலிவர் எவன்ஸின் வாளித்தொடர் ஏற்றி. ஆலைக்குள் தானியத்தைத் தானாக மேலே தூக்கும் அந்த அமைப்புக்கு 1790-இல்தான் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் காப்புரிமை கிடைத்தது. விடுதலைப் போர்க்கால ஆலையில் மூட்டையை மனிதன்தான் சுமந்தான், அல்லது கப்பி இழுத்தது.

நம்பிப் பார்க்க வேண்டியவை வேறு. நான்டக்கெட்டின் பழைய ஆலை 1746-இல் கட்டியது, இன்றும் நிற்கிறது. வில்லியம்ஸ்பர்க்கில் ராபர்ட்சன் காற்றாலை மறுகட்டுமானம்தான், ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி ஆலையின் உருவைக் காட்டுகிறது. ரோட் ஐலண்டின் ஜேம்ஸ்டவுன் ஆலை 1787-ஐச் சேர்ந்தது. சில ஆண்டுகள் பிந்தியது என்றாலும் உருவம் பழையதுதான். உயரம் 30 அடி.

மூன்றாம் படி: அளவும் பொருளும்

1/56 அளவில் ஓர் அடி என்பது 5.4 மி.மீ. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். 20 அடிக்கு 30 அடி ஆலை 109-க்கு 163 மி.மீ. ஆகும். நான்கடி விட்டமுள்ள அரவைக் கல் 22 மி.மீ. பதின்மூன்று அடிச் சக்கரம் 70 மி.மீ. முழு அளவில் கட்டினால் மேசையை ஆலையே விழுங்கிவிடும் என்பதால், கட்டடத்தின் நீள அகலத்தை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு சுருக்குகிறேன்: 90-க்கு 130. கதவையும் சக்கரத்தையும் கல்லையும் சுருக்கக் கூடாது. கண் அவற்றை வைத்துத்தான் அளக்கிறது. கதவு ஆறடிக்கு 33 மி.மீ. என்று கணக்கு சொல்லும். வீரனின் காலடியில் உள்ள தட்டையும் சேர்த்து 38 வையுங்கள், இல்லையென்றால் எல்லோரும் குனிந்து நுழைய வேண்டியவர்கள்போல் தெரிவார்கள்.

பொருள்கள் எல்லாம் எளியவை. அடித்தளத்துக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார் அழுத்திச் செய்த) பலகை, மேட்டுக்கு 20 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான பிளாஸ்டிக்) நுரைப்பலகை, சுவருக்கு 2 மி.மீ. கெட்டி அட்டை. ஐஸ் குச்சி, காபி கலக்கும் மரக்குச்சி, மூங்கில் பல்குத்தி. துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கு, அதைவிட நேரான மெல்லிய மரச்சட்டம் கடையில் கிடைக்காது. மரப்பசை, மணல், ஒரு பழைய காட்டன் பேண்டேஜ் சுருள். நுரைப்பலகைமேல் விரைவில் காயும் பசையும் ஸ்ப்ரே வண்ணமும் நேரடியாகப் படக் கூடாது, அரித்துக் குழியாக்கிவிடும்.

நான்காம் படி: தண்ணீர்ப் பாதை

இந்தப் படிதான் வழிகாட்டியின் உயிர், ஆகவே நிதானமாகப் போவோம். நல்ல வேளையாக இதற்கு வேண்டிய எல்லாச் சொற்களும் நம் பாசனத்திலேயே இருக்கின்றன.

ஓடையின் குறுக்கே அணை. அணைக்கு மேலே தேங்கும் குளம். குளத்தின் ஓரத்தில் மதகு. மதகிலிருந்து, நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போகும் தலை வாய்க்கால். சக்கரம். சக்கரத்தைத் தள்ளிவிட்டுத் தாழ்ந்த நீர் மறுபடி ஓடையில் சேரும் வடிகால். அணையில் மிகைநீர் வழிய ஒரு கலிங்கு. கலிங்கு இல்லாத அணை முதல் வெள்ளத்திலேயே போய்விடும். ஆனாலும் கடையில் விற்கும் தயார் ஆலைகளில் நான் அதிகம் தேடிக் காணாதது இந்தக் கலிங்கைத்தான்.

சக்கரத்துக்கு மூன்று வகையில் நீர் கொடுக்கலாம். உச்சியில் விழும் நீர், பெட்டிகளை நிரப்பித் தன் எடையால் சுற்றும். மேல்விழு சக்கரம் என்போம். அச்சின் மட்டத்துக்குச் சற்று மேலே நுழைவது நடுவிழு. அடியில் பாயும் ஓட்டம் பலகைகளைத் தள்ளுவது அடித்தள்ளு. எல்லோருக்கும் முதல் வகைமேல்தான் காதல். ஆனால் 70 மி.மீ. சக்கரத்துக்கு மேலிருந்து நீர்விட, மேசையில் எங்கோ 75 மி.மீ. உயரத்தில் குளம் வேண்டும். மேசை ஓரத்தில் பெரிய குன்று இருந்தால் அதிலிருந்து மரக்கால்வாயைக் கால்கள் நட்டுக் கொண்டுவரலாம். இல்லையென்றால் கால்வாய் வானத்திலிருந்துதான் தொடங்கும். நான் பரிந்துரைப்பது நடுவிழு. குளம் வடிகாலைவிட 40 மி.மீ. உயரத்தில் இருந்தால் போதும். இரண்டு நுரைப்பலகை அடுக்கு, கணக்கு முடிந்தது.

400-க்கு 300 மி.மீ. எம்.டி.எஃப். பலகையை எடுத்து ஓரங்களைச் சாய்வாகத் தேயுங்கள். பின் மூலையில் குளம் வரும் இடத்தைத் தாளில் வரைந்து, அதைச் சுற்றி நுரைப்பலகையை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். குளத்தின் பரப்பை மேல் அடுக்கில் 3 மி.மீ. மட்டும் குடைந்தால் போதும், ஆழம் வண்ணத்தில் வரும். அணையின் முகத்துக்கு ஈர்க்குத் துண்டுகளைப் படுக்கையாக அடுக்கி, இடையில் சிறு கூழாங்கல் திணியுங்கள். மரச்சட்டத்துக்குள் கல் நிரப்பிய அணைகள் அங்கே வழக்கமானவை. கலிங்குக்காக நடுவில் 40 மி.மீ. நீளத்துக்கு அணையை 4 மி.மீ. தாழ்த்துங்கள்.

தலை வாய்க்கால் 22 மி.மீ. அகலம் போதும். மேட்டின் ஓரமாகவே வளைந்து ஆலைவரை வர வேண்டும். ஓடை இதற்குள் அணைக்குக் கீழே தாழ்ந்துவிட்டது. ஆக, ஆலை நிற்கும் நிலத்துக்கு ஒரு பக்கம் உயர்ந்த வாய்க்கால், மறுபக்கம் தாழ்ந்த ஓடை. விளையாட்டில் இதன் அருமை புரியும்: முன்னும் பின்னும் நீர் சூழ்ந்த ஆலைக்குள் தடையின்றி நுழைய அணையின் மேல்முகடு, பாலம், ஓடைத்துறை என்று மூன்றே வழிகள்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: சக்கரம்

கெட்டி அட்டையில் 70 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வளையங்கள் வெட்டுங்கள். வளையத்தின் அகலம் 11 மி.மீ. ஒவ்வொன்றிலும் 15 பாகைக்கு ஒரு கோடு இழுத்தால் 24 கோடுகள் வரும். ஐஸ் குச்சியை 24 மி.மீ. நீளத் துண்டுகளாக வெட்டி ஒரு வளையத்தின்மேல் கோட்டுக்கு ஒன்றாக நிறுத்தி ஒட்டி, மேலே அடுத்த வளையத்தை மூடுங்கள். எட்டு ஆரங்கள், நடுவில் மூங்கில் குச்சி அச்சு. உள்வட்டத்தை மெல்லிய அட்டைப் பட்டையால் சுற்றி அடைத்தால் பெட்டிகள் முழுமையாகும்.

பலகைகளைச் சாய்க்கும் திசையில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். இறங்கும் பக்கத்தில் பெட்டி கிண்ணம்போல் நீரைத் தாங்க வேண்டும், ஏறும் பக்கத்தில் கவிழ்ந்து காலியாக வேண்டும். மேல்விழு சக்கரத்தில் இதைச் சரிபார்க்க எளிய வழி: உச்சியில் நிற்கும் பெட்டியின் வாய் நீர் வரும் கால்வாயைப் பார்க்க வேண்டும். நடுவிழு சக்கரத்தில் நீர் படும் பக்கமே இறங்கும் பக்கம். அங்கே வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். நான் முதல் சக்கரத்தைத் தலைகீழாக மாட்டி ஆறு மாதம் விளையாடினேன். என் நண்பர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை, கிணற்றுக்கு மோட்டார் பொருத்த வந்த மெக்கானிக் ஒருவர்தான் சொன்னார்.

சக்கரத்தின் அடி வடிகால் நீரைத் தொடக் கூடாது. 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், நீரில் அமிழ்ந்த சக்கரம் தன் வேகத்தையே தின்னும்.

ஆறாம் படி: கட்டடம்

கீழ்த்தளம் கல், மேலே மரம். நீர் தெறிக்கும் இடத்தில் மரம் உளுத்துவிடும் என்பதே காரணம். நுரைப்பலகையில் மழுங்கிய பென்சிலால் கற்களை அழுத்தி வரையுங்கள். மேல்தளத்துக்கு அட்டைச் சுவர்மேல் காபிக் குச்சிகளை, கீழ்ப் பலகையின் மேல் ஓரத்தை மேல் பலகை மூடும்படி, அடியிலிருந்து தொடங்கி ஒட்டுங்கள். கூரைக்கு ஓடும் கூரைப்புல்லும் வேண்டாம், மரச்சில்லுகள்தான். காலை உணவு அட்டைப்பெட்டியை 8 மி.மீ. பட்டைகளாக்கி, ஒரு ஓரத்தில் ஒழுங்கற்று வெட்டி, பாதி மூடும்படி அடுக்கலாம்.

உள்ளே என்ன இருந்தது என்பது தெரிந்தால்தான் வெளியே சன்னல் எங்கே வரும் என்று தெரியும். சக்கரத்தின் அச்சு சுவரைத் துளைத்துக் கீழ்த்தளத்துக்குள் வருகிறது. அங்கே மரப் பல்சக்கரங்கள் அதன் சுழற்சியைச் செங்குத்துத் தண்டுக்கு மாற்றுகின்றன. மேல்தளத்தில் கற்கள். அசையாத அடிக்கல், அதன்மேல் சுழலும் மேல்கல். நம் வீட்டு ஏந்திரத்தின் அதே அமைப்புதான், அளவு மட்டும் அரக்கத்தனமானது. தானியம் அதற்கும் மேலிருந்து இறங்க வேண்டும் என்பதால், கூரை முகட்டின் கீழே ஒரு கதவும், வெளியே நீட்டிய உத்தரமும், அதில் கப்பியும் கயிறும் வரும். இந்த உத்தரம் இல்லாத ஆலை வெறும் வீடு.

கூரையும் மேல்தளமும் தனித்தனியே கழலும்படி செய்யுங்கள். மேல்கல்லை 22 மி.மீ. வட்டமாக, 5 மி.மீ. தடிமனில் செய்து ஒட்டாமல் விடுங்கள். அதன் வேலை கடைசியில் வரும்.

வெளியே தேய்ந்து ஓய்ந்த ஒரு கல் சுவரில் சாய்ந்திருக்கட்டும். மாவு பீப்பாய்களில்தான் ஏற்றுமதியானது, ஒரு பீப்பாய்க்கு 196 பவுண்டு. 12 அல்லது 13 மி.மீ. உயரப் பீப்பாய்கள் பத்தாவது வேண்டும். வண்ணத்தில் ஒன்றே ஒன்று சொல்வேன்: பழைய மரம் பழுப்பு இல்லை, வெள்ளி சாம்பல். சக்கரமும் அதன் அருகே உள்ள சுவரும் மட்டும் ஈரக் கறுப்பும் பாசிப் பச்சையும்.

மர அறுவை ஆலை கட்ட விரும்புகிறவர்கள் இதே தண்ணீர்ப் பாதையில் வேறு கட்டடத்தை வைக்கலாம். நீண்ட, தாழ்ந்த, பக்கம் திறந்த கொட்டகை. சட்டத்தில் மேலும் கீழும் போகும் நேர் ரம்பம். மரத்தடி ஊர்ந்து வரும் தள்ளுவண்டி. 1758 ஜூலை 8-இல் பிரெஞ்சுக்காரரின் கரியோன் கோட்டையைப் பிரிட்டிஷ் படை தாக்கி ரத்தம் சிந்திக்கொண்டிருந்தபோது, அதன் தளபதி ஆபர்கிராம்பி லா ஷூட் ஆற்றின் அறுவை ஆலையில் உட்கார்ந்திருந்தார். போர்முனை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தளபதிச் சிற்றுருவை மேசையின் கடைக்கோடியில் ஓர் அறுவை ஆலைக்குள் வைத்து விளையாடுவதற்கு இதைவிட நியாயம் வேண்டாம்.

ஏழாம் படி: காற்றாலை

மூன்று உருவங்கள் உண்டு. ஒரே கம்பத்தின்மேல் முழு அறையும் திரும்பும் கம்ப ஆலை. ராபர்ட்சன் ஆலை அந்த வகை. எண்கோணமாகச் சரிந்து ஏறும் மர உடலின்மேல் தொப்பி மட்டும் திரும்பும் ஆலை. கல் கோபுர ஆலை. நியூபோர்ட்டில் எட்டுத் தூண்கள்மேல் நிற்கும் உருண்டைக் கல் கோபுரத்தை, ஆளுநர் பெனடிக்ட் அர்னால்டு 1677-ஆம் ஆண்டு உயிலில் தம் கல் காற்றாலை என்று குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் கட்சி மாறிய தளபதி அர்னால்டு அவருடைய கொள்ளுப்பேரன். பிரெஞ்சுக் குடியேற்றமான நியூ பிரான்சில் கல் கோபுரமே அதிகம். மான்ட்ரியல் அருகே பெரோ தீவில் நிற்கும் ஆலையின் சுவரில் துப்பாக்கித் துளைகளே இருக்கின்றன. டியூமான் ஆலைக்கு நான் கல்லையே தேர்ந்தெடுப்பேன்.

கட்டுவதற்கு இனிமையானது எண்கோண ஆலை. கெட்டி அட்டையில் எட்டு சரிவகங்கள் வெட்டுங்கள்: அடி 41 மி.மீ., மேல் 27 மி.மீ., உயரம் 121 மி.மீ. பின்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி மடக்கினால் அடியில் 100, மேலே 65 மி.மீ. அகலமுள்ள கோபுரம் எழும். உள்ளே மேலும் கீழும் எண்கோணத் தட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். வெளியே கூரைக்குச் செய்த அதே சில்லுப் பட்டைகள்.

தொப்பி படகைக் கவிழ்த்ததுபோல் இருக்கட்டும். அதனுள் இறக்கைகளின் அச்சு முன்பக்கம் சற்று மேல்நோக்கி, எட்டிலிருந்து பத்துப் பாகை சாய்ந்திருக்க வேண்டும். அழகுக்காக இல்லை, கோபுரம் கீழே அகன்றது, அச்சு நேராக இருந்தால் இறக்கை முனை சுவரில் இடிக்கும். அச்சு தரையிலிருந்து 130 மி.மீ. உயரத்தில் வந்தால் ஒவ்வோர் இறக்கையும் 115 மி.மீ. நீளம். முனைக்கும் தரைக்கும் 15 மி.மீ. மட்டும் விடுங்கள். ஆலைக்காரன் தரையில் நின்றே இறக்கையில் துணியைக் கட்டவும் அவிழ்க்கவும் வேண்டியிருந்தது.

இறக்கைக்கு ஈர்க்கு. நடுத்தண்டு தடித்தது, குறுக்குச் சட்டங்கள் மெல்லியவை, ஏணிபோல். முனைப்பக்கம் தட்டையாகவும் அச்சுப்பக்கம் சாய்வாகவும் ஒரு சிறு முறுக்கு கொடுங்கள். துணிக்குப் பேண்டேஜ் நூலிழையை நீர்த்த பசையில் நனைத்து விரிக்கலாம். ஆனால் சுற்றிலும் துப்பாக்கி வெடிக்கும்போது எந்த ஆலைக்காரன் அரைத்துக்கொண்டிருப்பான்? துணியைச் சுருட்டித் தண்டோடு கட்டிய வெற்றுச் சட்டங்களே போர்க்களத்துக்குப் பொருத்தம். நான்கு இறக்கைகளையும் காந்தத்தில் நிறுத்துங்கள், கை பட்டால் உடையாமல் கழன்றுவிடும்.

தொப்பியின் பின்பக்கத்திலிருந்து நீண்ட வால்கம்பம் தரைவரை இறங்கி, முனையில் ஒரு வண்டிச் சக்கரத்தோடு முடியும். நான்டக்கெட் ஆலையில் இன்றும் காணலாம். ஆலைக்காரன் மாட்டைக் கட்டியோ தோளால் தள்ளியோ அந்தச் சக்கரத்தை உருட்டித் தொப்பியைக் காற்றுக்கு நேராகத் திருப்பினான். இதை விட்டுவிட்டால் உங்கள் ஆலை நியூடவுன் ஆலையைப்போல ஒரே காற்றுக்குக் காத்திருக்கும். கோபுரத்தைச் சுற்றிச் சக்கரம் தேய்த்த வட்டத் தடத்தை மணலில் கீறுங்கள்.

ஒரு வம்பும் கூடவே வருகிறது. இறக்கைகள் காற்று வரும் திசையைப் பார்க்கும். ஆகவே மேசையில் உள்ள படைக்கொடிகளும் வெடிப்புகைப் பஞ்சும் அந்தத் திசையிலிருந்து விலகிப் பறக்க வேண்டும். இது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு மேசையிலும் உறுத்தும்.

எட்டாம் படி: கடல் ஆலை, விரும்புகிறவர்களுக்கு

கடலோரத்தில் மூன்றாவது வகையும் இருந்தது. கழிமுகத்தின் குறுக்கே அணை. அதில் உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு. ஏற்றத்தில் கடல்நீர் தானே தள்ளித் திறந்து உள்ளே நிரம்பும், வற்றத் தொடங்கியதும் அதே நீரின் அழுத்தத்தில் கதவு மூடிக்கொள்ளும். வெளியே நீர் இறங்கியபின் சக்கரத்தை ஓட்டலாம். புரூக்ளினின் கோவானஸ் சதுப்பில் இப்படிப்பட்ட ஆலைகள் இருந்தன. 1776 ஆகஸ்ட் 27 அன்று தோற்றுப் பின்வாங்கிய அமெரிக்கர்கள் அந்தச் சதுப்பையும் ஆலைக்குளத்தையும் கடந்துதான் தப்ப வேண்டியிருந்தது. மேரிலாந்து வீரர்கள் திரும்பத் திரும்பத் தாக்கி நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். மேசையில் கட்ட இதுவே எளிது: மேடு வேண்டாம், எல்லாம் தட்டை, ஆலையும் அணையும் சேறும்தான். சில சுற்றுகளுக்கு ஒருமுறை நீர்மட்டம் மாறுகிறது என்று விதி வைத்தால், கடந்துவிடலாம் என்று நினைத்த சேறு கடக்க முடியாததாகிவிடும்.

ஒன்பதாம் படி: நீர்ப்பரப்பு

ரெசின் ஊற்றலாம். இரண்டு மி.மீ.க்கு மேல் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள், ஈரப்பதம் மிகுந்த நாள்களில் தொடவே தொடாதீர்கள், பால்போல் மங்கிவிடும். ஊற்றுமுன் அடித்தளத்தின் ஒவ்வோர் ஓரத்தையும் பசையால் அடையுங்கள். நான் அடைத்ததாக நினைத்துக்கொண்டு தூங்கப் போன இரவில், குளம் முழுவதும் சாப்பாட்டு மேசைக்கு இறங்கியிருந்தது.

இப்போது நான் செய்வது மெல்லிய டிஷ்யூ தாளைப் பசையில் கசக்கி விரித்து, காய்ந்தபின் கரும்பச்சையும் பழுப்பும் பூசி, பளபளக்கும் வார்னிஷ் மூன்று முறை. குளத்தில் தாளை இழுத்துத் தட்டையாக்கவும், சக்கரத்துக்குக் கீழே சுருக்கம் விடவும். நீலம் வேண்டாம். கலிங்கில் மட்டும் பஞ்சு இழைகளை வார்னிஷில் தோய்த்து வெள்ளை நுரை.

கடைசிப் படி: விளையாட்டில் ஆலை

விதிகள் எந்தப் புத்தகத்தினுடையவையாக இருந்தாலும் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எதிரி சுடும்போது கல் தளத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டைச் சுவருக்குரிய மறைப்பு, மரத் தளத்தில் இருப்பவர்களுக்கு வேலிக்குரிய மறைப்பு. மேல்தளத்தில் சன்னல் குறைவு. நான்கு பேருக்கு மேல் சுட முடியாது. வாய்க்காலைத் தாண்ட அரை நகர்வு. அணைமுகட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். மதகின் அருகில் ஒரு வீரன் ஒரு சுற்று நின்றால் அதைத் திறந்துவிடலாம். அடுத்த சுற்றில் வடிகாலையும் அதற்குக் கீழே உள்ள துறையையும் யாரும் கடக்க முடியாது. எரிந்த ஆலை ஒன்றையும் தனியே கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் 1777 அக்டோபரில் சரடோகாவில் அமெரிக்கத் தளபதி ஸ்கைலரின் வீட்டையும் ஆலைகளையும் எரித்ததுபோல, எந்த மேசையிலும் அதற்குத் தேவை வரும்.

இனி அந்தக் கல். நான்கடி விட்டம், ஓரடித் தடிமன் என்று வைத்தால் எடை ஒரு டன்னை நெருங்கும். ஆறு அமெரிக்க வீரர்கள், ஒரு மாட்டுவண்டி, ஓர் ஆலை. கூரையைத் திறக்க ஒரு சுற்று, கல்லைத் தூக்கி வெளியே இறக்க மூன்று, வண்டியில் ஏற்ற ஒன்று. வண்டி பாதையில் மட்டும் போகும், அதுவும் பாதி வேகத்தில். எட்டாம் சுற்றில் மேசையின் மறு ஓரத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை நுழைகிறது. கல் மேசையைவிட்டு வெளியேறினால் அமெரிக்கருக்கு 5 புள்ளி, ஆலை எரிந்தால் இருவருக்கும் இல்லை. தார் பூச ஒரு வீரன் ஒரு சுற்று முழுவதும் வேறு எதுவும் செய்யாமல் நிற்க வேண்டும். குதிரைகள் கண்ணில் பட்டதும் அந்தச் சுற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். அடையாளம் இல்லாத கல் வெளியேறினால் 2 புள்ளிதான். போர் முடிந்தபின் அது யாருடைய ஆலைக் கல் என்று பக்கத்து ஊரோடு அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.